அமீரகப் பள்ளி வேலை: நோட்டீஸ் முடியும் முன் கிளம்பினால் என்ன ஆகும்?

கணக்கு டீச்சர்

வணக்கம். அஜ்மானில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேலையை விடுவது என்று முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றம் இல்லை. எப்படி விடுவது என்பதுதான் கேள்வி.

லேபர் காண்ட்ராக்ட்டில் சம்பளம் 3,500 திர்ஹம், அதில் அடிப்படை 2,000. மாதா மாதம் வங்கியில் 3,500 சரியாக விழும். விழுந்த மறுநாள் அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போய் 1,000 திர்ஹத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரசீது கிடையாது. நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எங்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும், பணம் கொடுத்தவர் பெயருக்கு நேரே டிக் அடிப்பார்கள். ஒரு நாள் தள்ளினால் சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்அப் வரும்: "டீச்சர், இந்த மாதத்து பாக்கி இன்னும் வரலையே." சேர்ந்த முதல் மாதத்திலிருந்து இதே கதைதான். ஆசிரியர்கள் எல்லோரும் கொடுக்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை.

அப்புறம் காலை பஸ் டியூட்டி, ஆள் வராத வகுப்புகளுக்கெல்லாம் போய் நிற்பது, எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம். பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது விமானத்துக்கு முந்தைய நாள்தான் கையில் தருவார்கள்.

நோட்டீஸ் 60 நாள். டிசம்பர் நடுவில் குளிர்கால விடுமுறை வருகிறது. "விடுமுறைக்குப் போவது போலப் போ, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெயில் போடு, முடிந்தது" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஆனால் போன வருடம் இப்படிப் போன ஒருவரைப் பற்றி நிர்வாகம் எங்களை உட்கார வைத்துப் பேசியது. அவருக்கு வாழ்நாள் தடை, போலீஸ் கேஸ், இனி வளைகுடாவில் எங்கேயும் கால் வைக்க முடியாது என்றார்கள். இதில் எவ்வளவு உண்மை?

இன்னொன்று. பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கு பிப்ரவரியில் போர்டு எக்ஸாம். இதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

ஷார்ஜா வாத்தியார்

தங்கச்சி, முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் தடை என்பது பொய். 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் வேலையை அப்படியே விட்டுப் போன வெளிநாட்டவருக்கு ஒரு வருடம் வேறு வேலை பெர்மிட் கிடையாது என்றுதான் அதில் இருக்கிறது. அதுவும் இந்த நாட்டுக்குள் மட்டும். நோட்டீஸ் முடிக்காமல் போவது குற்ற வழக்கும் அல்ல. அது பணக் கணக்கு. 43-ஆம் பிரிவு நோட்டீஸை 30 முதல் 90 நாளுக்குள் வைக்கச் சொல்கிறது. முடிக்காத நாளுக்கான சம்பளத்தை முடிக்காதவர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். இன்றைக்கு ராஜினாமா கொடுத்து விடுமுறை வரை ஒரு மாதம் வேலை பார்த்தால் மீதி 30 நாள். அதற்கு 3,500 திர்ஹம் நீங்கள் தர வேண்டி வரும். உங்களுக்கு வர வேண்டிய கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தில் வருடத்துக்கு 21 நாள் வீதம், ஒன்றரை வருடத்துக்கு 2,100. கழித்தால் 1,400 திர்ஹம். இந்த 1,400-க்காகத்தான் போலீஸ், வாழ்நாள் தடை என்று உங்களை மிரட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சொல்லாமல் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் நீங்கள் வராமல் இருந்தால், ஆளைக் காணோம் என்று பள்ளி நிர்வாகம் தொழிலாளர் மினிஸ்ட்ரியில் புகார் பதிவு செய்யலாம். நாம் அப்ஸ்காண்டிங் என்கிறோமே, அதுதான். அது விழுந்துவிட்டால் பேச்சு முழுக்க அவர்கள் பக்கம் போய்விடும். மாதம் 1,000 பிடுங்கியவர் புகார்தாரர், கொடுத்த நீங்கள் ஓடிப்போனவர். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 45-ஆம் பிரிவைப் படியுங்கள். முதலாளி ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ மீறினால் நோட்டீஸே இல்லாமல் விலகலாம், உங்களுக்குச் சேர வேண்டியதும் போகாது. நிபந்தனை ஒன்று உண்டு. விலகும் நாளுக்கு 14 வேலை நாள் முன்னதாக மினிஸ்ட்ரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அவர்கள் சொல்லியும் முதலாளி சரிசெய்யாமல் இருக்க வேண்டும். வங்கியில் போட்ட சம்பளத்தை ரொக்கமாகத் திரும்ப வாங்குவது மீறல் இல்லையென்றால் வேறு எது மீறல்? இப்போது நவம்பர் நடு. இந்த வாரமே புகார் கொடுத்தால் டிசம்பர் 2, 3 தேசிய தின விடுமுறையைக் கழித்தாலும் 14 வேலை நாள் குளிர்கால விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும்.

சான்று வேண்டும். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்திகளை ஒன்றுகூட அழிக்காதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட் எடுங்கள். சம்பளம் விழுந்த மறுநாளே 1,000 எடுத்தது ஒவ்வொரு மாதமும் அதில் தெரியும். ஒரு மாதம் என்றால் தற்செயல் என்பார்கள், ஒன்றரை வருடத்துக்கு ஒரே தொகை ஒரே நாளில் என்றால் யாருக்கும் புரியும். நீல நோட்டைப் படம் எடுக்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இங்கே அனுமதியில்லாமல் படமெடுப்பது தனிச் சிக்கல்.

கூட்டினால் சுமார் 18,000 திர்ஹம். 50,000 வரையிலான வழக்குகளை 2024 ஜனவரி முதல் மினிஸ்ட்ரியே முடிவு செய்கிறது, எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டையும் புகாரில் சேருங்கள். தொழிலாளியின் ஆவணத்தை முதலாளி பிடித்து வைப்பதை 13-ஆம் பிரிவு தடை செய்கிறது.

பிள்ளைகள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அபுதாபி பறவை

எல்லாம் சரி, ஆனால் இங்கே எழுதுவது போல நேரில் நடக்காது. மினிஸ்ட்ரிக்குப் போனது தெரிந்த மறுநிமிடமே அந்தப் பள்ளியில் இவருக்கு மூச்சு விட முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா அந்த அழுத்தத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். உயிரும் மனசும் முக்கியம். டிக்கெட் இருந்தால் போய்விடுங்கள் டீச்சர். திரும்பி வரப்போவதில்லை என்றால் ஒரு வருடத் தடை உங்களை என்ன செய்யும்?

ஸ்கூல் ஆபீஸ் அக்கா

நான் ஆசிரியை இல்லை, ஒரு பள்ளியில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். மேலே அபுதாபி தம்பி சொன்னது ஒரு இடத்தில் முழுக்கச் சரி. அடித்தாலோ, பாலியல் தொல்லை கொடுத்தாலோ ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். அதற்கும் 45-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, ஐந்து வேலை நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும். ஆனால் இந்தத் தங்கச்சியின் நிலைமை அது இல்லை.

திரும்பி வரப்போவதில்லை என்று இன்று சொல்வது சுலபம். அனுபவச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த பள்ளியில் ஒன்றரை வருடத்தை எப்படிக் காட்டுவீர்கள்? விலகும்போது நீங்கள் கேட்டால் அதைக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை, பெயரைக் கெடுக்கும் வாசகம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஊரிலிருந்து மெயில் போட்டுக் கேட்டால் இப்படிப்பட்ட பள்ளி பதிலே போடாது.

வேலை பெர்மிட்டை ரத்து செய்யும் கேன்சலேஷன் பேப்பர் விஷயம் முக்கியம். பள்ளியின் விசா, பெர்மிட் வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ ஒரு தாளை நீட்டுவார். அரபியும் ஆங்கிலமும் இருக்கும், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எனக்குச் சேர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். "சும்மா ஃபார்மாலிட்டி மேடம், பணம் நாளைக்கு விழும்" என்பார். பணம் கணக்கில் விழாமல் அந்தத் தாளைத் தொடாதீர்கள். எங்கள் வேலையில் நான் பார்த்ததில் ஆசிரியர்கள் அதிகம் இழப்பது இந்த ஒரு கையெழுத்தில்தான். வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அவசரம் அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

ராஜினாமாவைப் பள்ளி மெயிலிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டாம். அந்த ஐடியை அன்று மாலையே மூடிவிடுவார்கள். உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். காரணத்தை நீட்டி எழுத வேண்டாம். தேதி, கடைசி வேலை நாள், நோட்டீஸைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்ற கேள்வி, போதும். இரண்டு பக்கமும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நோட்டீஸைக் குறைக்கலாம், முழுக்க விட்டும் கொடுக்கலாம். புகார் எண் வந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பல நிர்வாகங்கள் வேகமாகச் சம்மதிக்கும்.

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் அண்ணா போட்ட கணக்கை இரண்டு தடவை படித்தேன். 1,400 திர்ஹத்துக்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று அழுகையே வந்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வங்கியில் பெர்சனல் லோன் இருக்கிறது, இன்னும் 12,000 திர்ஹம் கட்ட வேண்டும். இதனால் ஏதாவது ஆகுமா?

ஷார்ஜா வாத்தியார்

ஆகும் தங்கச்சி. நோட்டீஸைவிட இதுதான் பெரிய விஷயம். கடைசிக் கணக்குப் பணம் வந்ததும் பல வங்கிகள் கணக்கை நிறுத்தி வைத்துவிடும். தவணை கட்டாமல் போனால் வங்கி கோர்ட்டுக்குப் போகலாம். 10,000 திர்ஹமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்குப் பயணத் தடை கேட்க முடியும். உங்களுடையது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. சொல்லாமல் போய்விட்டுப் பின்னொரு நாள் வேறு வேலைக்காகத் துபாயில் இறங்கினால் அப்போது தெரியவரும். அதனால் வேலையை விடும் முன் வங்கிக்கு நேரில் போங்கள். வேலை மாறப்போகிறது, தவணையை எப்படித் தொடரலாம் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளியிடமிருந்து அந்த 18,000 வந்தால் கடன் அடைந்து மிச்சமும் இருக்கும். புகார் கொடுக்க இதுவே போதுமான காரணம்.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள், 800 46342. கட்டணமில்லா எண், சட்ட ஆலோசனையும் இலவசம். மினிஸ்ட்ரியின் எண் 600590000. உங்கள் காண்ட்ராக்ட் மினிஸ்ட்ரியுடையதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிள்ளைகள். போர்டு தேர்வு 80 மதிப்பெண், பள்ளியின் கையில் 20. அந்த 20-இல் நீங்கள் போட வேண்டியதை விடுமுறைக்கு முன் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வருகிற ஆசிரியருக்கு மதிப்பெண் விவகாரம்தான் முதல் தலைவலி, பிள்ளைகளுக்கும் அங்கேதான் அடி விழும். எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். பெயர் பெயராக எழுதுங்கள். முக்கோணவியலில் யார் பின்தங்கியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவருக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஜனவரி போய்விடும். வகுப்பில் சொல்லிவிட்டும் போங்கள். விடுமுறை முடிந்து வந்து டீச்சர் இல்லை என்று தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயால் கேட்பது அவர்களுக்கு நல்லது. பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் அங்கே வேண்டாம்.

கணக்கு டீச்சர்

காண்ட்ராக்ட்டைப் பார்த்தேன், மினிஸ்ட்ரியுடையதுதான். நாளை வியாழன், மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை, வங்கிக்குப் போகிறேன். ஸ்டேட்மென்ட் இறக்கி 1,000 எடுத்த இடங்களையெல்லாம் குறித்துவிட்டேன், ஒரு மாதம்கூட விடுபடவில்லை. புகாரில் என்னோடு சேர இன்னொரு ஆசிரியையும் கேட்கிறார். ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதா, சேர்ந்து கொடுப்பதா?

ஸ்கூல் ஆபீஸ் அக்கா

ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். தொகையும் தேதியும் வேறு வேறு, ஒருவர் சமாதானமாகிப் பின்வாங்கினாலும் மற்றவர் புகார் நிற்கும். ஒரே நாளில் கொடுங்கள்.