'வைரஸ் இண்டெக்ஸிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: 'தொற்றின்மை ஆய்வு' என முன்மொழிகிறேன்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

கிழங்குப் பயிர்களின் வைரஸ் நோய்கள் பற்றிய கையேட்டுக்காக, தாய்ச்செடியில் வைரஸ் இல்லை என்று உறுதிசெய்யும் சோதனையான 'வைரஸ் இண்டெக்ஸிங்' என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. ஈப்போ நண்பர் 'குறியீட்டாய்வு' என்றார். சேலத்து ஐயா 'சுட்டாய்வு' என்றார். கோலாலம்பூர் அம்மையார் 'நச்சின்மை ஆய்வு' என்றார். ஒவ்வொன்றையும் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன், அந்தச் செயல் எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பேச அனுமதியுங்கள். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

மரவள்ளியைக் குச்சியாக நடுகிறோம், சர்க்கரைவள்ளியைக் கொடித்துண்டாக நடுகிறோம், சேம்பையும் பெருவள்ளியையும் கிழங்காகவே நடுகிறோம். விதை வழியாகப் பெரும்பாலான வைரஸ்கள் கடப்பதில்லை. ஆனால் தாய்ச்செடியின் துண்டையே நடும்போது தாயில் இருந்ததெல்லாம் சேயிலும் இருக்கும். தோட்டத்து லயங்களில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நான்கு குச்சியை ஒடித்துக் கொடுத்து மரவள்ளி பரவிய விதம் நம்மில் பலருக்குத் தெரியும். அதே வழியில் நோயும் நாடு கடக்கிறது. இலங்கையின் பெயரைத் தாங்கிய மரவள்ளித் தேமல் வைரஸ், 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் எடுத்த மாதிரியில் தென்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் வியட்நாமிலும் தாய்லாந்திலும் பதிவாகிவிட்டது. வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும் என்பது உண்மை. ஆனால் தொலைதூரத்துக்குக் கொண்டுசென்றதில் லாரியில் ஏற்றிய நடவுக் குச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே, ஒரு செடியைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளலாமா, அதிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெருக்கலாமா, அயல்நாட்டுக்கு அனுப்பலாமா என்று தீர்மானிப்பதற்காகச் செய்யும் சோதனைத் தொடரே இண்டெக்ஸிங். வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதைக் 'கண்டறிதல்' என்றும், இருப்பது எந்த வைரஸ் என்று நிறுவுவதை 'இனங்காணல்' என்றும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம். இந்த மூன்றாவது செயல் அவ்விரண்டையும் கருவியாகக் கொள்கிறது. அதன் நோக்கம் வேறு.

கண்ணால் பார்த்தே முடிவு செய்யக் கூடாதா என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். மரவள்ளித் தேமல் நோயில் ஓரளவு முடியும்: இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, மடல்கள் முறுக்கிச் சிறுத்துவிடும். கிழக்காப்பிரிக்காவின் மரவள்ளிப் பழுப்புக்கீற்று நோயில் பல நேரம் அது நடக்காது. இலை ஏறக்குறைய நலமாகவே தோன்ற, கிழங்கைப் பிளந்தால் உள்ளே வெண்சதை நடுவே தக்கை போன்ற காய்ந்த பழுப்புத் திட்டுகள் இருக்கும். 1930களிலேயே தாங்கனிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு எந்த வைரஸ் காரணம் என்பது ஏறத்தாழ 2000ஆம் ஆண்டையொட்டித்தான் உறுதியானது. சர்க்கரைவள்ளியோ இன்னும் ஏமாற்றும். இறகுத்தேமல் வைரஸ் மட்டும் இருந்தால் கொடியில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. வெள்ளை ஈயால் பரவும் பசுமைச்சோகைக் குட்டை வைரஸும் சேர்ந்துவிட்டால், அசுவினியால் பரவும் முதல் வைரஸ் பன்மடங்கு பெருகி, கொடி குன்றி, விளைச்சலில் பாதிக்கும் மேல் போய்விடலாம். எனவே நலமாகத் தெரியும் கொடியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அதற்கான பழைய முறை ஒட்டுக்கட்டுதல். ஐப்பொமியா செட்டோசா என்னும், தண்டெல்லாம் மயிரடர்ந்த, அகன்ற இலையுள்ள ஒரு கொடியின் மேல் ஐயத்துக்குரிய சர்க்கரைவள்ளித் துண்டை ஒட்டுவார்கள். சில வாரங்களில் அதன் புதிய இலைகளில் நரம்புகள் வெளிறினால் உள்ளே வைரஸ் உண்டு. சேலத்து ஐயா 'சுட்டாய்வு' என்றது இதனால்தான். இலத்தீனில் இண்டெக்ஸ் என்றால் சுட்டுவிரல் என்றும் அவர் நினைவூட்டினார். மூலத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. ஆயினும் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. கிழங்கு பற்றிய கையேட்டில் 'சுட்டு' என்று கண்ட வாசகர் சுட்ட கிழங்கையே நினைப்பார்; சுட்ட பழமா சுடாத பழமா என்ற கேள்வி நம்மை விடாது, ஐயா மன்னிக்க வேண்டும். மேலும், இன்று இந்த வேலையின் பெரும்பகுதி வைரஸின் புரதத்தைக் கண்டறியும் எலிசா சோதனையாலும், அதன் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் சோதனையாலும் நடக்கிறது. 1970களின் பிற்பாதியில் எலிசா தாவர வைரஸ்களுக்குப் பயன்படத் தொடங்கியதிலிருந்தே சுட்டும் செடி பல சோதனைகளுள் ஒன்று மட்டுமே ஆகிவிட்டது. அந்தச் செடியை 'நோய்காட்டிச் செடி' என்போம். திசைகாட்டி, வழிகாட்டி, நிறங்காட்டி என்ற வரிசையில் அது இயல்பாகப் பொருந்துகிறது.

'குறியீட்டாய்வு' வேண்டாம். விலைவாசிக் குறியீட்டெண்ணோடு குழம்பும் என்பது போதுமான காரணம்.

அம்மையாரின் 'நச்சின்மை ஆய்வு' இவற்றுள் மிகக் கூர்மையானது, ஏனெனில் நோக்கத்தைப் பிடித்த ஒரே முன்மொழிவு அதுதான்: நாம் தேடுவது வைரஸை, சான்று தருவதோ அதன் இன்மைக்கு. கோவிட் காலத்தில் நம் செய்தித்தாள்கள் வைரஸை 'நச்சில்' என்று எழுதியதால் மலேசிய வாசகருக்கு அது உடனே புரியவும் கூடும். சிக்கல் மரவள்ளியிடம் இருக்கிறது. மரவள்ளிக்குச் சொந்தமாகவே ஒரு நச்சு உண்டு. லினமாரின் என்னும் பொருளிலிருந்து சயனைடு வெளிப்படும், கசப்பு வகைகளில் அது மிகுதி. நம் பாட்டிமார் கிழங்கை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் விடமாட்டார்கள். 'நச்சின்மைச் சான்று பெற்ற மரவள்ளி' என்று நாற்றங்காலில் எழுதி வைத்தால், அச்சமின்றிச் சமைக்கலாம் என்றே வாங்குபவர் பொருள்கொள்வார். இது வெறும் குழப்பமாக நிற்காது, உயிருக்கே தீங்காகலாம்.

அம்மையார் காட்டிய திசையிலேயே சென்று, 'நச்சு' இருந்த இடத்தில் 'தொற்று' என்று வைத்தால் 'தொற்றின்மை ஆய்வு' கிடைக்கிறது. 'வைரஸின்மை ஆய்வு' என்றே வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பெருவள்ளி அதற்கு இடம் தராது. பாட்னா வைரஸ் பேரினத்தைச் சேர்ந்த சிலவற்றின் மரபுத்துண்டுகள் பெருவள்ளிக் குடும்பத்துக் கிழங்குகள் சிலவற்றின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே நெடுங்காலமாகப் பதிந்து கிடக்கின்றன. செடியில் வைரஸ் துகள் ஒன்றுகூட இல்லாதபோதும் பி.சி.ஆர் 'உண்டு' என்று சொல்லிவிடும். ஆய்வகத்தார் வேறு முறைகளையும் கையாண்டு, அது பரம்பரையாகப் பதிந்த துண்டா, உயிரோடு பெருகும் தொற்றா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரித்தறிந்த செடியை வைரஸின் சுவடே அற்றது என்று எழுத முடியாது. தொற்று இல்லாதது என்று நேர்மையாக எழுதலாம். 'நோயின்மை'யும் உதவாது, அறிகுறியே காட்டாத சர்க்கரைவள்ளிக் கொடிக்கு நோய் இல்லை என்று சொல்லிவிடலாம், தொற்று இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு நிபந்தனையும் சேர்க்க விரும்புகிறேன். எந்த வைரஸுக்கான ஆய்வு என்று குறிப்பிடாமல் இச்சொல் சான்றிதழில் தனியே நிற்கக் கூடாது. 2009இல் லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் சர்க்கரைவள்ளியின் சிற்றார்.என்.ஏ.க்களை (மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை)த் தொகுத்துப் படித்தபோது, ஏற்கெனவே அறிந்த இரண்டு வைரஸ்களோடு அதுவரை யாரும் அறியாத வைரஸ்களும் வெளிப்பட்டன. தேடாததை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆகவே 'இறகுத்தேமல் வைரஸ், பசுமைச்சோகைக் குட்டை வைரஸ் ஆகியவற்றுக்கான தொற்றின்மை ஆய்வு' என்று எழுதும் வழக்கத்தைக் கையேடு தொடக்கத்திலேயே பழக்கிவிட வேண்டும். நீளம்தான், நீளத்துக்காக அதைச் சுருக்க நான் உடன்பட மாட்டேன்.

கிளைச்சொற்கள் எளிதாகவே அமைகின்றன: தொற்றின்மைச் சான்று, தொற்றின்மைத் தாய்ச்செடி, தொற்றின்மை ஆய்வகம். வெப்பமூட்டியும் தளிர் நுனியில் புதுச் செல்கள் உண்டாகும் ஆக்குத்திசுவை வளர்த்தும் வைரஸை அகற்றும் வேலைக்குத் 'தொற்றுநீக்கம்' என்ற சொல் கைக்கு வருகிறது. ஆனால் அது மருத்துவமனைகளில் கிருமிநாசினி தெளிப்பதைக் குறித்துப் பழகிவிட்டதால், இதற்கு மட்டும் 'வைரஸ் அகற்றல்' என்று நேரடியாக வைத்துக்கொள்ளலாம். சேலத்து ஐயாவுக்கு அங்குள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் விவசாயிகளோடு பழக்கம் உண்டு என்று அறிகிறேன். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று அழைக்கும் அவர்களிடம் 'தொற்றின்மை ஆய்வு செய்த குச்சி' என்று சொல்லிப் பார்த்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை இங்கே எழுதினால் அடுத்த சுற்றில் முடிவெடுக்கலாம்.