புதுப்பிப்பு: 1965 பாண்டியாக் ஜிடிஓ கெத்தா, வேஷமா? பதில் கிடைத்தது

மிச்சிகனில் விலைக்கு வந்த 1965 ஜிடிஓ (பாண்டியாக் நிறுவனத்தின் பெரிய எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்) உண்மையானதா, அல்லது அதே நிறுவனத்தின் சாதாரண லெமான்ஸ் காருக்கு மாட்டிய வேஷமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

1964, 1965ஆம் ஆண்டுகளில் ஜிடிஓ தனி மாடலாக இல்லாமல் லெமான்ஸில் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாகவே விற்கப்பட்டதால், 1965இல் இரண்டு வண்டிகளின் அடையாள எண்ணும் 237 என்றே தொடங்குகிறது. ஜிடிஓவுக்கு 242 என்ற தனித் தொடக்கம் 1966இல்தான் வந்தது. ஆகவே எண்ணைப் பார்க்கச் சொன்ன யோசனை பயன்படவில்லை. அந்த வண்டிக்கான தொழிற்சாலை விலைப்பட்டியலின் (இன்வாய்ஸ்) நகலை வரவழைக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது: மங்கிய தட்டச்சு வரிகளுக்கு நடுவே ஜிடிஓ தொகுப்பு தெளிவாக இருந்தது.

எதிர்பாராதது ஒன்றும் அதிலேயே இருந்தது. விற்பவர் பெருமையோடு காட்டிய நான்கு கியர் மேனுவல் பெட்டி பிற்பாடு மாற்றிப் பொருத்தப்பட்டதாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தது இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். விலையைக் குறைத்துக் கேட்க அது போதுமானதாக இருந்தது. வண்டி இப்போது என் கொட்டகையில் நிற்கிறது.

இது கெத்தா என்ற விவாதத்தில், குடும்பக் காரில் பெரிய எஞ்சினைத் திணித்ததில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்டிருந்தார். 389 கன அங்குலத்தில் 335 குதிரைத்திறன் தரும் எஞ்சினை அப்படித் திணித்ததுதான் பெருமை என்பது என் கட்சி; ஆனால் பிரேக் போதாது என்று அவர் சொன்னதை மறுக்க மாட்டேன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இல்லை, பழைய டிரம் வகைதான்.