அழுத்தம் மாறாத கணக்கில் பருமன் மாறா தன்வெப்பம் எப்படி வந்தது?

கேள்வி:

வணக்கம். மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இருபது வருடமாகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது வழக்கம். நேற்று ஒரு கணக்கில் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம்.

2 மோல் நைட்ரஜன். அழுத்தம் 1 லட்சம் பாஸ்கலிலேயே இருக்க, வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்கு ஏறுகிறது. அக ஆற்றல், அதாவது வாயுவுக்குள்ளேயே இருக்கும் ஆற்றல், எவ்வளவு கூடும்? அழுத்தம் மாறா மோலார் தன்வெப்பம் (அழுத்தம் மாறாமல் 1 மோலை 1 கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பம்) 29.1 ஜூல் என்று எடுத்து, 5,820 ஜூல் என்று போட்டாள். விடைக்குறிப்பில் 4,160 ஜூல். அதாவது பருமன் மாறா தன்வெப்பமான 20.8-ஐ எடுத்திருக்கிறார்கள். “பருமன்தான் மாறுகிறதேப்பா, அப்புறம் எப்படி?” என்கிறாள். சூத்திரம் அப்படித்தான் என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1:

முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் நான். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அவள் கண்ட 5,820-க்கும் பொருள் உண்டு. அது வாயு வாங்கிக்கொண்ட வெப்பம். கணக்கு கேட்பது, அதில் எவ்வளவு வாயுவுக்குள்ளேயே தங்கியது என்று.

அவளை இப்படி வரையச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பருமன் 49.8 லிட்டர், முடிவில் 66.4 லிட்டர். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே வேறொரு வழியில் போவோம். முதலில் பிஸ்டனைப் பூட்டிவிட்டு 400 கெல்வின் வரை சூடாக்குங்கள். பருமன் மாறவில்லை, வேலை இல்லை, கொடுத்த 4,160 ஜூலும் அக ஆற்றலாகிறது. அடுத்து, வெப்பநிலையை 400-லேயே வைத்து 66.4 லிட்டர் வரை விரியவிடுங்கள். நல்லியல்பு வாயுவுக்கு, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காததாகக் கொள்ளும் வாயுவுக்கு, இந்த இரண்டாம் கட்டத்தில் அக ஆற்றல் மாற்றம் சுழி. மொத்தம் 4,160. அக ஆற்றல் நிலையைப் பொறுத்தது, வந்த வழியைப் பொறுத்ததல்ல. அதனால் நேர்வழியில் போனாலும் அதே 4,160தான்.

இரண்டாம் கட்டத்தில் ஏன் சுழி என்று கேட்பாள், கேட்கவும் வேண்டும். 1845-இல் ஜூல் ஒரு செம்புக் கலத்தில் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்து, காற்று நீக்கிய இன்னொரு கலத்தோடு இணைத்துத் தண்ணீருக்குள் வைத்துத் திறந்தார். காற்று விரிந்தது; தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தென்படவில்லை. மெய்யான வாயுக்களில் மிகச் சிறிய மாற்றம் உண்டு, அவருடைய வெப்பமானிக்கு அது எட்டவில்லை. இந்தக் கணக்கில் நைட்ரஜனை நல்லியல்பு வாயுவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மீதி 1,660 ஜூல் பிஸ்டனைத் தள்ளிய வேலை. 1 லட்சம் பாஸ்கலை 16.6 லிட்டரால், அதாவது 0.0166 கன மீட்டரால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

பதில் 2:

நான் வேதியியல். இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இயற்பியல் புத்தகத்தில் வாயு செய்யும் வேலை நேர்க்குறி, ஆகவே வெப்பத்திலிருந்து வேலையைக் கழிப்பார்கள். எங்கள் புத்தகத்தில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி, ஆகவே கூட்டுவோம். விடை ஒன்றுதான். கணக்கின் முதல் வரியிலேயே எந்த முறை என்று எழுதிவிடச் சொல்லுங்கள்.

வெப்பநிலை மாறவில்லையென்றால் அக ஆற்றலும் மாறாது என்று எல்லா இடத்திலும் போட்டுவிடக் கூடாது. 373 கெல்வினில் 1 மோல் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 40.7 கிலோஜூல் வேண்டும். அதில் 3.1 விரிவதற்கான வேலை, 37.6 அக ஆற்றல். வெப்பநிலை துளியும் ஏறவில்லை.

கேட்டவர்:

ஐயா, இரண்டு வழிகளையும் ஒரே படத்தில் வரைந்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் அவளே ஒன்று போட்டாள். சைக்கிள் பம்பின் வாயை அடைத்துவிட்டு, 300 கெல்வினில் உள்ள காற்றைச் சட்டென்று பாதிப் பருமனுக்கு அழுத்தினால் என்ன ஆகும் என்று. வெப்பம் வெளியே போக நேரமில்லை என்று வைத்துக்கொண்டு, வெப்பநிலை 396 கெல்வின் என்றும், அக ஆற்றல் மோலுக்கு 1,997 ஜூல் கூடும் என்றும் எழுதியிருக்கிறாள். இங்கேயும் 20.8-ஐத்தான் எடுத்திருக்கிறாள். சரிதானே?

பதில் 1:

சரிதான். வெப்பம் சுழி, அந்த 1,997 ஜூலும் கை அழுத்திய வேலை.