கூம்பு அச்சில் சக்கரக் குடம்: ‘கூம்பிறுக்கம்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களில் பின்னச்சின் நுனி கூம்பாகக் கடையப்பட்டு, அதன்மேல் சக்கரக் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி, hub) ஏறி நிற்கும் அமைப்புக்கு ‘சாய்வச்சுப் பொருத்தம்’, ‘சாவிப் பிணைப்பு’ என இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. (சாவி என்பது அச்சிலும் குடத்திலும் உள்ள பள்ளங்களில் பொருந்தும் சிறு உலோகத் துண்டு, key.) இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. அச்சே சாய்ந்திருப்பதாக முதற்சொல் எண்ண வைக்கிறது. இரண்டாவதன் பிழை இன்னும் கடுமையானது. அதை நம்பி வேலை செய்பவர் அச்சை முறித்துவிடக் கூடும்.

1922இல் வெளிவந்த ஆஸ்டின் செவன் காரை எடுத்துக்கொள்வோம். அதில் முறுக்குவிசையை அரையச்சிலிருந்து (பின்னச்சின் ஒரு பக்கப் பாதியிலிருந்து) குடத்துக்குக் கடத்த வேண்டியது சாவி அன்று. கூம்பின் புறப்பரப்பும் குடத்துளையின் உட்பரப்பும் சுற்றிலும் கவ்வுவதால் எழும் உராய்வே. குடம் சிறிது நெகிழ்ந்தாலும் சுமை முழுவதும் சாவியின்மேல் விழுகிறது. வண்டி கிளம்பும்போது ஒரு பக்கமும் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கமுமாக இடிபட்டுச் சாவிப்பள்ளம் அகல, அதன் மூலையில் தொடங்கும் கீறல் உள்ளே ஓடி, அரையச்சு அவ்விடத்திலேயே முறிகிறது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டியில் விளைவு மேலும் கொடியது: அதன் மிதிபிரேக் கியர்ப்பெட்டிக்குள் வேலை செய்வதால், ஒரு பக்கக் குடம் பிடியை இழந்தால் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) வழியாக அந்த அச்சு வெறுமனே சுழல, மறுபக்கச் சக்கரத்துக்கும் பிரேக் கிடைக்காமல் போகும், கைநெம்புகோல் பிரேக் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, சுமையைத் தாங்குவது எதுவோ அதைச் சொல்லும் ‘கூம்பிறுக்கம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘கூம்பிறுக்கு’ என்று இது வினையாகவும் வரும். ஒரு பணிமனைக் குறிப்பில் இட்டுப் பார்ப்போம்.

“குடத்தைக் கூம்பிறுக்கும் முன், சாவியைக் கழற்றி வைத்துவிட்டு, கூம்பில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மங்கிய சாம்பல் நிறம் சுற்றிலும் ஒரே சீராகத் தெரியும்வரை குடத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்க்கவும். பிறகு பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்கவும். சாவியைப் பொருத்தியபின் அதன் மேல்முகத்துக்கும் குடத்திலுள்ள பள்ளத்தின் அடிக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும்; இல்லையேல் குடம் சாவியின்மேல் ஏறி நின்றுவிடும், நட்டை எவ்வளவு முடுக்கினாலும் கூம்பு கவ்வாது.”

குடத்தை அச்சு நுனியில் இறுக்கும் நட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்போர் அதைப் பொதுவாக 100 அடி-பவுண்டு அளவுக்கு முடுக்குவார்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை அப்போது நேர்ப்படாவிட்டால், நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை மேலும் முடுக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் தளர்த்தக் கூடாது. சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் முடுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

இந்த நட்டுக்குக் ‘கடையாணி’ என்ற பழஞ்சொல்லை வழங்கலாம் என்ற கருத்தும் வந்தது. மாட்டுவண்டியில் அச்சு நிலையாக நிற்க, குடம் அதன்மேல் தடையின்றிச் சுழலும். குடம் கழன்று விழாமல் தடுப்பது மட்டுமே கடையாணியின் வேலை. இங்கோ நட்டு குடத்தைக் கூம்பின்மேல் நெருக்கி ஏற்றி, இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கிறது. ஆகவே அச்சொல் பொருந்தாது. ‘குடம்’ மட்டும் வண்டித் தச்சரின் வழக்கிலிருந்து அப்படியே நிலைக்கட்டும். அதைவிடப் பொருத்தமான சொல் நமக்குத் தேவையில்லை.

இன்னொன்று எஞ்சியுள்ளது. புல்லர் போட்டுக் குடத்தை இழுத்தெடுக்கும்போது கூம்பில் சில வேளை செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் குடம் அச்சின்மேல் அசைந்து வந்ததற்கு அதுவே சான்று. இதனை ‘அசைவுத்துரு’ எனலாம் என்று கருதுகிறேன். மாற்றுச்சொல் உடையோர் எழுத வேண்டுகிறேன்.