திருகுகோட்டம் சரி, 'தான்தோன்றி' வேண்டாம்

ஐயா, வணக்கம்.

முதுகெலும்பு கோணும் ஸ்கோலியோசிஸுக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன 'பக்கவளைவு' எளிய சொல்தான். ஆனால் அந்தக் கோளாறில் பாதியைத்தான் அது சொல்கிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே திருகிக்கொள்ளவும் செய்கிறது. பிள்ளையைக் குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மேடிட்டுத் தெரிவது அந்தத் திருகலால். அதனால்தான் 'திருகுகோட்டம்' என்கிறேன். கோட்டம் என்றதும் வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வரும் என்று தயங்க வேண்டாம். வள்ளுவரே சொற்கோட்டம், உட்கோட்டம் என்று கோணலைத்தான் சொல்கிறார்.

என் பெரிய தடை, இடியோபதிக் என்பதற்கு நீங்கள் வைத்த 'தான்தோன்றி'. எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்து, காரணமும் பிடிபடாதபோது மருத்துவர் போடும் அடைமொழி அது. தெரியவில்லை என்பது வேறு, தானாக வந்தது என்பது வேறு. இந்தச் சொல்லைக் கையேட்டில் படித்த ஒரு தாய், "என் பொண்ணு ஒழுங்கா உட்காராததால வந்ததா?" என்று என்னிடம் கேட்டார். தான்தோன்றித்தனம் என்ற சொல் அவர் காதில் அப்படி ஒலித்திருக்கிறது.

காரணம் சில பிள்ளைகளுக்கு நரம்பில் இருக்கிறது. சிறுமூளையின் அடிநுனி கழுத்துக்குள் இறங்கியிருக்கலாம், தண்டுவடத்துக்குள் நீர்க்குழி விழுந்திருக்கலாம். நெஞ்சுப் பகுதி வளைவு இடப்பக்கம் புடைத்தாலோ, வயிற்றைத் தடவும்போது தசை தானாகச் சுருங்கும் அனிச்சை ஒரு பக்கம் மட்டும் இல்லாவிட்டாலோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். 2017-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் எலிகளில் காட்டியது எனக்கு இன்னும் வியப்பு: தசையும் மூட்டும் இருக்கும் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பமைப்பு பழுதானால், வளரும் பருவத்தில் முதுகெலும்பு கோணுகிறது. தேடல் இப்படி நடந்துகொண்டிருக்கும்போது நம் சொல் கதவைச் சாத்தக் கூடாது. 'ஏதறியா' என்று வைப்போம். ஏது என்றால் காரணம்.

அப்புறம், நோயின் பெயரில் வரும் அடலசென்ட் என்பதற்கு நீங்கள் வைத்த 'விடலைப்பருவ' என்பதும் பொருந்தாது. விடலை ஆண்பிள்ளையைக் குறிக்கும் சொல், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு. ஆகவே, 'வளரிளம்பருவ ஏதறியாத் திருகுகோட்டம்'.

எலி ஆய்வில் சொன்ன நரம்பமைப்பு தரும் உணர்வான புரோப்ரியோசெப்ஷனுக்கு இப்போதைக்கு 'உறுப்புநிலை உணர்வு' என்று எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டே மூக்கைத் தொட வைக்கும் உணர்வு அது. இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், மாற்றிக்கொள்கிறேன்.