மறு: எட்சிங், உட்கட் இரண்டுக்கும் 'செதுக்கோவியம்' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்), உட்கட் (மரப்பலகையைச் செதுக்கி எடுக்கும் அச்சுப்படம்) இரண்டையும் தமிழில் 'செதுக்கோவியம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக் (1870–1938) பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் உறைத்தது. அவர் மரத்தில் சிலை வடித்தவர். 'செவிமடுப்போர்' வரிசையின் ஒன்பது உருவங்களும் ஓக் மரத்தாலானவை. அதே கைதான் மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுத்துப் படத்தொடர்களும் செய்தது. 'பார்லாக்கின் மரச்செதுக்கு' என்று எழுதினால் நம் வாசகர் எதை நினைப்பார்? தேரில் இருக்கும் மரச்சிற்பத்தைத்தான். 'மரவெட்டு' என்றாலோ கோடாலிதான் கண்முன் வருகிறது.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். உட்கட்டில், வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தை உளி எடுத்துவிடுகிறது. மிஞ்சிய மேட்டில் உருளை மை ஏற்றுகிறது. எட்சிங்கில் நேர்மாறு. உலோகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடம் அரித்துப் பள்ளமாகும். மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது பள்ளத்தில் தங்கிய மைதான் தாளுக்கு வருகிறது. ஆகவே என் பரிந்துரை: உட்கட்டுக்கு மேட்டச்சு, எட்சிங்குக்குக் குழியச்சு. கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோவுக்குக் 'கல்லச்சு' முன்பே புழங்குகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் சாட்சி. 1919 ஜனவரியில் கொல்லப்பட்ட ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்னெக்ட்டின் நினைவுப் படத்தை அவர் முதலில் குழியச்சாகவும் பிறகு கல்லச்சாகவும் செய்து பார்த்தார். மனம் நிறையவில்லை. 1920இல் பார்லாக்கின் மேட்டச்சுகளைக் கண்ட பிறகே மரத்துக்கு மாறி அதை முடித்தார். மூன்றையும் 'செதுக்கோவியம்' என்று எழுதினால் இந்தக் கதையையே சொல்ல முடியாது.

அடுத்து வந்தது 'போர்' தொடர், ஏழு மேட்டச்சுகள். அவருடைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்திருந்தான். அந்தத் தொடரிலுள்ள 'பெற்றோர்' படத்தை நிதானமாகப் பாருங்கள். மண்டியிட்ட இருவரும் ஒரே கருந்திரளாக ஒட்டிக் கிடக்கிறார்கள். தந்தை ஒரு கையால் முகத்தை மூடியிருக்கிறார். தாய் அவர்மேல் கவிழ்ந்திருக்கிறாள். உடலின் மடிப்புகளைக் காட்டுபவை உளி கீறிய வெள்ளைக் கோடுகள்தான். அந்தக் கருப்பெல்லாம் உளி தொடாமல் விட்ட மரம். 'மேடு' என்ற சொல் இருந்தால் இது வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

(கட்டுரையில் இருவரையும் சேர்த்தே எழுத இன்னொரு காரணமும் உண்டு. 1927இல் ஜெர்மனியின் குஸ்ட்ரோ நகரப் பேராலயத்துக்காகப் பார்லாக் வார்த்த 'மிதக்கும் தேவதை' என்ற வெண்கலச் சிலையின் முகத்தில் கொல்விட்ஸின் சாயல் இருக்கிறது. நாஜிகள் ஆட்சியில் அதை 1937இல் இறக்கி, பின்னர் உருக்கிவிட்டார்கள்.)

தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியத்தில் செதுக்குவதும் மேட்டச்சுதான் என்பதால் 'மர மேட்டச்சு', 'லினோ மேட்டச்சு' என்று அடை சேர்த்துக்கொள்ளலாம். 'குழியச்சு'தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது: எட்சிங்கில் அமிலம் அரிப்பது பெரும்பாலும் கோட்டை, அதைக் குழி என்று யாரும் சொல்வதில்லை. 'கீறலச்சு' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் எட்சிங்கின் ஒரு வகையான அக்குவாடின்ட்டில் கீறலே கிடையாது, அமிலம் பரப்பையே புள்ளி புள்ளியாக அரிக்கிறது. இரண்டையும் தாங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை கட்டுரையில் 'குழியச்சு' என்றே வைத்திருக்கிறேன்.