“ஆஃப்லதானே இருக்கு?” – ஏஹெச்யூ ரூமில் பட்டதும் பார்த்ததும்

தரமணி டெக்னீஷியன்:

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனை ஏஹெச்யூவில் (ஏசி காற்றைக் கட்டடத்துக்குள் தள்ளும் பெரிய மெஷின்) பெல்ட் மாற்றக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் நின்றிருந்தது. கதவைத் திறந்தவன் நேராகப் புல்லிப் பக்கம் கையை நீட்டினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். “ஆஃப்லதானே அண்ணா இருக்கு?” என்றான்.

12 வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் நினைத்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கட்டடம், ஐந்தாவது மாடி. பெல்ட் சத்தம் போடுகிறது என்று பகலில் புகார். ஆபீஸ் நேரத்தில் நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். ப்ளோயர் அசையாமல் இருந்தது. பெல்ட்டை மூடியிருக்கும் கார்டைக் கழற்றி, மோட்டார் பேஸைத் தளர்த்தி, பழைய பெல்ட் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதில் ஒன்றைப் போட்டேன். அடுத்ததைப் போடப் போனால் அது பி-62. வேண்டியது பி-64. ஸ்டோர்காரனைத் திட்டிக்கொண்டே கீழே போனேன்.

திரும்பி வரும்போது ரூம் வாசலிலேயே ப்ளோயர் ஓடும் சத்தம். மணி ஆறு ஐந்து. ஆபீஸைக் குளிர வைக்க, கட்டடத்து மெஷின்களைக் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டும் பிஎம்எஸ் ஆறு மணிக்குத் தானாக ஓட்டிவிடும்படி டைமிங் போட்டிருந்தார்கள். மோட்டார் பேஸின் மேல் நான் வைத்துவிட்டுப் போன ஸ்பேனர் எதிர்ப் பேனலைக் குழியாக்கிவிட்டுக் கீழே கிடந்தது. தப்பான பெல்ட் கொடுத்த ஸ்டோர்காரனுக்கு அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை.

மெஷினுக்கு வரும் கரன்ட்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஸ்விட்ச் நான் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. இறக்கவில்லை. அவ்வளவுதான் தப்பு.

இப்போது என் வழக்கம் இது. பிஎம்எஸ் ரூமுக்குச் சொல்வேன். பேனலில் செலக்டரை ஆஃபில் வைப்பேன். ஐசோலேட்டரை இறக்கி என் பூட்டைப் போட்டுச் சாவியை என் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். அப்புறம் ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்து, செலக்டரை மறுபடி ஆஃபுக்குக் கொண்டுவருவேன். மோட்டார் டெர்மினலில் மீட்டர் வைத்து மூன்று ஃபேஸையும் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கார்டில் கை. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. நான் முடித்துவிட்டேன் என்று என் பூட்டை எடுத்தாலும் அவனுடையது இருக்க வேண்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். அந்தத் தம்பியிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

ஷார்ஜா மெக்கானிக்:

அண்ணே, நீங்கள் சொன்ன அத்தனையும் செய்தும் எனக்கு விரல் நசுங்கியது. மீட்டரில் பூஜ்யம். பூட்டும் போட்டாயிற்று. ஆனால் ப்ளோயர் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் தலைகீழாக.

அங்கே இரண்டு ஏஹெச்யூ ஒரே சப்ளை டக்டில் (காற்றுக் குழாயில்) சேர்ந்திருந்தன. பக்கத்து மெஷின் ஓடியது. நான் நிறுத்தியதன் டேம்பர் (காற்றை அடைக்கும் தகடு) துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்தக் காற்று இந்தப் பக்கம் திரும்பி வந்து ப்ளோயரைச் சுற்றிவிட்டது. மெதுவாகத்தானே சுற்றுகிறது, பெல்ட்டைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று பிடித்தேன். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் போய்விட்டது. நகம் முளைக்க நாலு மாதம் ஆனது.

இப்போது முதலில் டேம்பரை மூடுவேன். அது மூடாவிட்டால் பக்கத்து மெஷினையும் நிறுத்தச் சொல்வேன். அப்புறம் ப்ளோயர் வீலைக் கயிற்றால் ஃப்ரேமோடு கட்டிவிடுவேன். கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்து ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்துப் புதுப் பெல்ட்டைக் கருக்கியதும் நான்தான். அதனால் இப்போதெல்லாம் சிவப்புக் கயிறுதான், ஒரு முனை கதவுக்கு வெளியே தொங்க வேண்டும்.

இன்னொன்று. புதிதாக வரும் ஈசி (எலெக்ட்ரானிக் மோட்டார்) ஃபேனில் பெல்ட் கிடையாது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதன் மோட்டாரில் நிலைக்காந்தம் இருக்கிறது. காற்றில் சுற்றினாலே டெர்மினலில் வோல்டேஜ் வரும். கட்டிப் போடாமல் ஒயரில் கை வைக்காதீர்கள்.

(மாடியில் வேலை என்றால் இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நிற்க வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. புதிதாக வரும் நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை, கேட்டு வாங்குங்கள்.)

பேனல்போர்டு:

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கீபேடில் ஸ்டாப் கொடுத்தால் மோட்டார் நிற்கும், கரன்ட் போகாது. மெயினையே இறக்கினாலும் உள்ளே கெபாசிட்டரில் 550 வோல்ட்டுக்கு மேல் டீசி தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஐந்து என்றும் இருக்கும், பதினைந்து என்றும் இருக்கும். நான் ஒரு நிமிடத்தில் கவரைத் திறந்தேன். ஸ்க்ரூடிரைவர் நுனி உருகிப் போனது. அதை இன்னும் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

கோவை சைட் இன்ஜினியர்:

நான் மெயின்டனன்ஸ் ஆள் இல்லை, மெஷினை ஏற்றி மாட்டி ஓட்டிக் காட்டிக் கைமாற்றிவிட்டுப் போகிறவன். என் பங்குக்கு இரண்டு.

முதலாவது, கதவு. ஒரு துணி மில்லின் அலுவலகத்தில் புது ஏஹெச்யூவை 50 ஹெர்ட்ஸில் முழு வேகத்தில் ஓட்டிக் காற்றளவு பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஏதோ தகடு அதிர்கிற சத்தம். ப்ளோயருக்குப் பிந்திய பகுதியின் கதவுக் கைப்பிடியைத் திருப்பினேன். எனக்கு ஞாபகம் இருப்பது அதுவரைதான். கதவு நெற்றியில் அடித்து மூன்று தையல்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறைக்குள் 800 பாஸ்கல் அழுத்தம். கதவு 0.6 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது 0.9 சதுர மீட்டர். பெருக்கினால் 720 நியூட்டன். எழுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள் கதவின் அந்தப் பக்கம் முழுப் பலத்தோடு சாய்ந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். ஃபில்டர் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே உள்ளிழுக்கும் காற்று, கதவு திறக்காது. கடப்பாரை போட்டு நெம்பித் திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையை விட்டால் படாரென்று மூடும், விரல் நடுவில் இருந்தால் போச்சு.

அன்றிலிருந்து ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிவிடுகிறேன். அழுத்தம் வெளியே தள்ளுகிற பகுதியில் கதவு உள்நோக்கித் திறக்க வேண்டும். இடமில்லை என்றால் இரண்டு நிலைத் தாழ்ப்பாள் வேண்டும். முதல் திருப்பில் ஓர் இஞ்சு மட்டும் விலகிக் காற்று வெளியேறும், பிறகுதான் முழுதாகத் திறக்கும். விலை கொஞ்சம் கூடும். பர்ச்சேஸில் சண்டை போட்டே வாங்குகிறேன்.

இரண்டாவது, தொங்கவிடுவது. சீலிங்கில் தொங்கும் யூனிட்டுக்குக் கேட்டலாக்கில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் மெஷினின் எடை. காற்றைக் குளிர வைக்கும் காயிலில் தண்ணீர் நிரம்பினால், அதனோடு சேர்ந்த வால்வும் பைப்பும் தொங்கினால், கணக்கே வேறு. நான் ஓடும்போது உள்ள எடையைக் கேட்டு வாங்கி அதற்குத்தான் தொங்கவிடும் ராட் அளவு முடிவு செய்வேன். ஒரு சைட்டில் நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், செயின் ப்ளாக்கை மேலே போன ஃபயர் லைன் பைப்பில் மாட்டி மெஷினை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பைப் வில்லாக வளைந்திருந்தது. கீழே ஆறு பேர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தவில்லை. கத்தினால் கயிற்றை விட்டுவிடுவார்களோ என்ற பயம். மெதுவாக இறக்கச் சொன்னேன். தரையைத் தொட்ட பிறகு கத்தினேன், நன்றாகவே கத்தினேன்.

ராடை ஸ்லாபில் பிடிக்கும் ஆங்கரும் அப்படித்தான். ஸ்லாபில் துளை போட்டு, உள்ளே இருக்கிற தூளை ஊதி எடுக்காமல் ஆங்கரை அடித்தால் அது பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. ஒவ்வொரு ராடுக்கும் இரட்டை நட் வேண்டும். ஒற்றை நட் ஆறு மாத அதிர்வில் தானாகக் கழன்று வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுக் கட்டடங்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்றால் ட்ரில்லையே எடுக்காதீர்கள். உள்ளே முறுக்கேற்றி இழுத்துக் கட்டிய கேபிள் ஓடுகிறது. அதன் பாதையைச் சிவில் ஆட்கள் குறித்துக் கொடுத்த பிறகுதான் துளை. “நாலு இஞ்சுதானே சார்” என்பார்கள். கேட்காதீர்கள்.

நைட் டியூட்டி:

நான் ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ். என் கதையில் ஷாக்கும் இல்லை, இரத்தமும் இல்லை.

எங்கள் ஏஹெச்யூவில் காயிலுக்குப் பக்கத்தில் யூவி விளக்கு உண்டு. பாசி, பூஞ்சை படியாமல் இருக்க. கதவைத் திறந்தால் அணைந்துவிட ஒரு டோர் ஸ்விட்ச் இருக்கும். எவரோ அதை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. நான்கு விளக்கில் எது எரிகிறது என்று பார்க்கத்தான் திறந்தேன். நீல வெளிச்சம், பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். மூடிவிட்டு வந்துவிட்டேன். எதுவும் தெரியவில்லை.

நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எழுந்தேன். திறக்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டுகிறது. வீட்டில் பயந்துவிட்டார்கள். கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி “வெல்டிங் பார்த்தீங்களா?” கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, வெல்டர்களுக்கு வருவதும் இதே சங்கதிதான் என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பட்ட நேரத்தில் வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால் எதனால் வந்தது என்றே பலருக்குப் புரியாது.

இப்போது அந்தக் கதவில் பார்வைக் கண்ணாடி வைத்துவிட்டோம். விளக்கு எரிகிறதா என்று அதன் வழியாகவே பார்க்கலாம், சாதாரணக் கண்ணாடியே அந்தக் கதிரைத் தடுத்துவிடும். டேப் ஒட்டியவர் யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பேனல்போர்டு:

டோர் ஸ்விட்சில் டேப் ஒட்டாத சைட்டை நான் பார்த்ததே இல்லை சார்.

கேஸ் சார்ஜிங்:

எங்களுடையது காயிலில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் சில்ட் வாட்டர் இல்லை, கேஸே ஓடும் டிஎக்ஸ் யூனிட். புது காப்பர் லைனுக்கு லீக் டெஸ்ட். நைட்ரஜன் பாதியில் தீர்ந்துவிட்டது. ஹெல்பர் பையன் வெல்டிங் ஆட்களிடமிருந்து ஒரு சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்து ரெகுலேட்டரைக் கையில் எடுத்துவிட்டான். ஏதோ உறுத்தியது, திரும்பிப் பார்த்தேன். உடம்பு கறுப்பு, கழுத்து வெள்ளை. ஆக்சிஜன்! நைட்ரஜனுக்கு உடம்பு சாம்பல் நிறம், கழுத்து கறுப்பு. இரண்டிலும் கறுப்பு இருப்பதால் பையன் குழம்பிவிட்டான், அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

கம்ப்ரசரில் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தோடு ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் நெருப்பே வேண்டாம், வெடிக்கும். அன்று மாலை வேலையே செய்யவில்லை. எல்லோரையும் சிலிண்டர்களுக்கு முன்னால் உட்கார வைத்து நிறம் சொல்லிக் கொடுத்தேன்.

புதுசு:

வணக்கம் அண்ணாக்களே. சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்ட தம்பி நான்தான். எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு அனுபவம் என்று ஒன்றுமில்லை, ஒரு சந்தேகம். பொங்கல் லீவு முடிந்து திறந்த நாளிலிருந்து ஒரு ஏஹெச்யூவில் ட்ரெயின் பேன் (காயிலில் இருந்து சொட்டும் தண்ணீர் சேரும் தட்டு) நிரம்பி வழிகிறது. கீழ் மாடியில் எலெக்ட்ரிகல் பேனலுக்கு நேர் மேலே சீலிங்கில் சொட்டுகிறது. ட்ரெயின் லைனில் கம்பி விட்டுப் பார்த்தேன், அடைப்பு இல்லை. மெஷினை நிறுத்தினால் தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. ஓட்டினால் மறுபடி நிரம்புகிறது.

தரமணி டெக்னீஷியன்:

முதலில் அந்தப் பேனலுக்கு மேல் தார்ப்பாய் கட்டச் சொல், எலெக்ட்ரீஷியனுக்கும் சொல்லிவிடு. சொட்டுகிற வரைக்கும் நீ அந்தப் பேனலைத் தொடாதே.

நிறுத்தினால் இறங்குகிறது என்றால் ட்ராப்தான், ட்ரெயின் பைப்பில் தண்ணீர் நிற்கும் யூ வளைவு. காயில் இருக்கும் பகுதியில் ப்ளோயர் உள்ளே இழுக்கிறது. யூ வளைவில் தண்ணீர் இல்லையென்றால் ட்ரெயின் பைப் வழியாகவே காற்று உள்ளே ஏறி வரும், பேனில் இருக்கிற தண்ணீரை இறங்க விடாது. லீவில் பத்து நாள் ஓடாமல் ட்ராப் வற்றியிருக்கும்.

கோவை சைட் இன்ஜினியர்:

ட்ராப்பின் ஆழத்தையும் அளந்து பாருங்கள் தம்பி. 500 பாஸ்கல் இழுப்பு என்றால் 50 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். பேன் வாய்க்கும் ட்ராப்பின் வெளிவாய்க்கும் நடுவே அதோடு இன்னொரு 25 சேர்த்து 75 மில்லிமீட்டராவது இறக்கம் வேண்டும். வெளிவாய்க்குக் கீழே தண்ணீர் நிற்கும் பள்ளம் அதில் பாதி. பல இடங்களில் பிளம்பர் கையில் கிடைத்த பெண்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

புதுசு:

இறக்கம் 80 இருக்கிறது அண்ணா. பிஎம்எஸ்ஸுக்குச் சொல்லி, பூட்டுப் போட்டு, ட்ராப்பில் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றினேன். ஓட்டி ஒரு மணி நேரம் ஆகிறது. வழியவில்லை.